மெக்காலே சொல்லாத வாக்கியமும் 1857 சட்டம் சொன்னதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயர் ஆட்சிக்கால உயர்கல்வி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்தப் பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. அதில் திருத்தப்பட வேண்டியவை சில உள்ளன. பள்ளி, கல்லூரி மாணவர்கள் உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெட்டிச் செய்தி. 'இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை' என்று தொடங்கும் மேற்கோளை, 1835 பிப்ரவரி 2 அன்று, கவர்னர் ஜெனரலின் சபை உறுப்பினராக இருந்த மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக வெளியிட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அவர் லண்டனில் இல்லை, கல்கத்தாவில் இருந்தார். 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உதகமண்டலத்தில் தங்கியிருந்ததால் பல்லக்கில் மலையேறிப் போய் அவரைச் சந்தித்து, அதன் பிறகு கல்கத்தா சேர்ந்தவர் அவர். இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838இல்தான். அந்தப் பேச்சு எந்த நாடாளுமன்றப் பதிவிலும் இருக்க முடியாது. அந்தத் தேதியில் அவர் எழுதியது கல்வி பற்றிய குறிப்பு. நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஓர் அலமாரி இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்று அதில்தான் எழுதினார். ரத்தத்தாலும் நிறத்தாலும் இந்தியராகவும் ரசனையாலும் கருத்தாலும் ஆங்கிலேயராகவும் உள்ள ஒரு வகுப்பாரை உருவாக்க வேண்டும் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. அவரைக் குற்றஞ்சாட்ட இந்த உண்மையான வரிகளே போதும். பொய் மேற்கோளைப் போட்டால், நியாயமான குற்றச்சாட்டும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது. திருத்தத்தை அதே அளவில், அதே இடத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மெக்காலே குறிப்பு எழுதினார், அதன் பலனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, அங்கே பேராசிரியர்கள் குமாஸ்தாக்களை உருவாக்கினார்கள் என்று கட்டுரை ஒரே கோடாக இழுத்துச் செல்கிறது. குறிப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 22 ஆண்டுகள் உள்ளன. 1857இல் பிறந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுக்க ஒரு பேராசிரியர்கூட இல்லை. பாடம் நடத்துவது அதன் வேலையாகவே கருதப்படவில்லை. ஆங்கிலேயர் கால உயர்கல்வியின் நன்மை தீமை இரண்டையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோல். கட்டுரையில் இது இடம்பெறவே இல்லை.

சென்னை மாகாணத்தில் நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அதைத் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. அதே கணக்கில் வேதம், தர்ம சாஸ்திரம், தர்க்கம், வானியல் முதலியவை கற்பித்த உயர்கல்வி இடங்கள் ஆயிரத்துக்கு மேல் தெரிகின்றன. ராஜமுந்திரியில் 279, கோயம்புத்தூரில் 173, தஞ்சாவூரில் 109. மாணவர்கள் மொத்தம் ஐயாயிரத்துச் சொச்சம், ஏறக்குறைய அனைவரும் பிராமணர்கள். யார் படித்தார்கள் என்ற இந்த இரண்டாம் பகுதியைச் சொல்லாமல் எண்ணிக்கை என்ற முதல் பகுதியை மட்டும் சொல்லிப் பொற்காலம் என்பவர்களும், முதல் பகுதியை மறைத்து இரண்டாம் பகுதியை மட்டும் சொல்பவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இந்த உயர்கல்வி இடங்களில் சில மானிய நிலங்களின் வருவாயில் நடந்தவை. மக்கள் வறுமைப்பட்டதால் பள்ளிகள் தேய்கின்றன என்று பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823லேயே அரசுக்கு எழுதிவிட்டார்.

மன்றோவின் திட்டம் எளிமையானது. 20 கலெக்டரேட்டுகளில் தலா இரண்டு பெரிய பள்ளிகள், அவற்றுக்குக் கீழே தாலுகா அளவில் 300 பள்ளிகள், தாய்மொழியில் பாடம். அடுத்த ஆண்டே அவர் காலராவில் இறந்தார். 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள், மேல்தட்டினருக்கான ஆங்கில உயர்கல்விக்கு முதலிடம் கொடுக்கச் சொல்லிச் சென்னைக்கு எழுதினார்கள். பிறகு கல்கத்தாவில் மெக்காலே குறிப்பும், கல்விப் பணம் ஆங்கிலக் கல்விக்கே என்ற பெண்டிங்கின் ஆணையும் வந்தன. 1836இல் மன்றோவின் அந்தத் தாலுகாப் பள்ளிகள் (தாசில்தாரி பள்ளிகள்) மூடப்பட்டன. மெக்காலே கொள்கை சென்னையில் உடனடியாகச் செய்தது இதுதான். கல்லூரி எதுவும் திறக்கப்படவில்லை, கீழ்மட்டப் பள்ளிகள் போயின. கட்டுரை கண்டிக்க வேண்டிய இடம் இது.

கல்லூரி வந்தது வேறு வழியாக. 1839 நவம்பரில் சென்னைவாசிகள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் தரப்பட்டது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதற்கு முன்னின்றார். ஆங்கிலக் கல்வியை மக்களே கேட்டார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. ஆனால் அந்த 'மக்கள்' யார் என்பதையும் பார்க்க வேண்டும்: வணிகர், இருமொழி இடைத்தரகர்களான துபாஷிகள், நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் சுற்றி வாழ்ந்தவர்கள். 1841 ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து வந்த இ.பி. பவல் அதன் தலைமை ஆசிரியர். அதுவே 1853இல் கல்லூரி வகுப்பு பெற்று, 1855இல் பிரசிடென்சி கல்லூரி, அதாவது இன்றைய மாநிலக் கல்லூரி ஆனது. இடையே 1846இல் கவர்னர் டுவீடேல் அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக்க முயன்றதும், ஊரார் எதிர்ப்புக்குப் பின் லண்டனிலிருந்து அதற்குத் தடை வந்ததும் ஒரு தனி வரலாறு.

இனி 1857. 1854 ஜூலை 19 தேதியிட்ட, லண்டனில் கம்பெனியின் கட்டுப்பாட்டு வாரியத் தலைவராக இருந்த சார்லஸ் உட்டின் கல்விச் சுற்றறிக்கை, லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் இங்கே பல்கலைக்கழகங்கள் அமைக்கச் சொன்னது. அந்நாளைய லண்டன் பல்கலைக்கழகம் தேர்வு மட்டுமே நடத்தியது. பாடம் நடத்தியவை யுனிவர்சிட்டி கல்லூரி, கிங்ஸ் கல்லூரி போன்றவை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மாணவரைத் தங்கவைத்துப் பாடம் சொல்லித் தந்த காலத்தில், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது செலவு குறைந்த இந்த மாதிரி. கல்கத்தாவுக்கு ஜனவரி 24, பம்பாய்க்கு ஜூலை 18, சென்னைக்கு செப்டம்பர் 5 என 1857ஆம் ஆண்டிலேயே மூன்று சட்டங்கள் வந்தன. சென்னைச் சட்டத்தின் முகப்புரையைப் படித்தால் ஐயமே இருக்காது: இலக்கியம், அறிவியல், கலை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றவர்கள் யார் என்று தேர்வின் மூலம் கண்டறிந்து, பட்டத்தால் பாராட்டுவதே நோக்கம். கற்பிப்பது பற்றி அதில் பேச்சே இல்லை. வேந்தர் கவர்னர். முதல் துணைவேந்தர் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன். அந்தப் பதவியும் சம்பளமில்லாத கௌரவப் பதவி.

இதற்குச் சிறந்த சான்று சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்தாம்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் தொடங்கிய அந்தச் செமினரி 1855லேயே மூடப்பட்டுவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளை உருவாக்கியது, அது பிறப்பதற்கு முன்பே மூடப்பட்ட, வேறொரு குடியேற்ற நாட்டின் கல்லூரி. பல்கலைக்கழகம் செய்தது அவர்களைச் சோதித்துச் சான்று தந்தது மட்டுமே.

அந்த இயந்திரம் ஓடிய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிந்தைய கோளாறுகள் அத்தனையும் அதன் அமைப்பிலேயே இருந்தன. மாணவர் முதலில் மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். அது பள்ளி முடிவுத் தேர்வாகவும் அரசு வேலைக்கான தகுதியாகவும் சேர்ந்தே பயன்பட்டதால், கல்லூரி பக்கமே போக எண்ணாதவர்களும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். பிறகு பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டு எஃப்.ஏ. (முதல் கலைத் தேர்வு), அதன் மேல் இரண்டு ஆண்டு பி.ஏ. எஃப்.ஏ. வரை மட்டும் நடத்தியவை இரண்டாம் நிலைக் கல்லூரிகள். மாவட்டத் தலைநகர்களில் பெரும்பாலும் இவைதான் இருந்தன. வருகைச் சான்றைக் கல்லூரி முதல்வர் தர வேண்டும். கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். வினாத்தாள் தயாரிப்பவரையும் விடைத்தாள் திருத்துபவரையும் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட் நியமிக்கும். விசாகப்பட்டினத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே தாள். முடிவு புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வரும்.

இதில் பாடம் சொன்ன ஆசிரியருக்கு இடம் எங்கே? பாடத்திட்டம் வகுப்பதில் பெரும்பாலோருக்குப் பங்கில்லை. தன் மாணவனை மதிப்பிடும் உரிமையும் இல்லை. எந்த ஷேக்ஸ்பியர் நாடகம், எந்தக் கவிதைத் தொகுப்பு என்று முன்கூட்டியே குறித்துத் தந்துவிடுவதால், அதற்கு 'நோட்ஸ்' எழுதி விற்பது ஒரு தொழிலானது. வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் நிலைத்ததும் இதனால்தான். குறித்த பகுதிக்கு வெளியே போகும் ஆசிரியரால் மாணவனுக்கு நட்டம் என்ற நிலை வந்துவிட்டது. மனப்பாடம் நம் பிள்ளைகளின் இயல்பு என்று அந்நாளைய ஆங்கிலேய அதிகாரிகள் அறிக்கைக்கு அறிக்கை எழுதினார்கள். பழியை மாணவர்மேல் போட்ட அவர்கள்தாம் அந்தத் தேர்வை வகுத்தவர்கள். பணவரவும் கவனிக்கத்தக்கது. பல்கலைக்கழகம் பெரும்பாலும் தேர்வுக் கட்டணத்திலேயே நடந்தது. எழுதுபவர் பெருகப் பெருக அதற்கு வருவாய். பல ஆண்டுகளில் எழுதியவரில் பாதிக்கு மேல் தோற்றார்கள். தோற்றவர் மறுபடி கட்டணம் கட்டி எழுதினார். 'பி.ஏ. ஃபெயில்' என்பதையே ஒரு தகுதியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது இப்படித்தான். சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. பி.ஏ. ஃபெயில் என்றால் மெட்ரிகுலேஷனும் எஃப்.ஏ.வும் தேறிய, நான்கு ஆண்டு கல்லூரியில் படித்த மனிதர் என்று பொருள்.

ஒரு பாடத்தில் தவறினால் எல்லாம் போயிற்று என்ற விதியின் கொடுமைக்குக் கணித மேதை ராமானுஜனைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு எல்லாவற்றிலும் தேற வேண்டும். 1906 டிசம்பரிலும் 1907 டிசம்பரிலும் தேறவில்லை. அந்தத் தேர்வு முறைக்குள் அவருக்கு வேறு வழியே கிடையாது. முதுகலைப் பட்டம் உள்ளவருக்கே ஆய்வு உதவித்தொகை என்ற விதியைத் தளர்த்தி, இதே பல்கலைக்கழகம் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுக்கு அவருக்கு உதவித்தொகை தந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் படிக்க ஆண்டுக்கு 250 பவுண்டு தந்தது. 'சென்னைப் பல்கலைக்கழகம் மேதையைப் புறக்கணித்தது' என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. விதி புறக்கணித்தது, விதியை மீறத் துணிந்தவர்கள் காப்பாற்றினார்கள் என்பதே நடந்தது. அந்தத் துணிச்சலையும் பதிவு செய்ய வேண்டும்.

தேர்வு நடுநிலையானது என்றுதான் அதன் ஆதரவாளர்கள் சொன்னார்கள். தாளில் எண் மட்டுமே இருக்கும், சாதி தெரியாது. ஆனால் தேர்வு மேசைக்கு வந்து சேர்வதற்குள் நான்கு ஆண்டுக் கல்லூரிக் கட்டணம், ஊரைவிட்டு வந்து தங்கும் செலவு, வீட்டில் ஏற்கெனவே எழுத்துப் பழக்கம், தங்க இடம் தரும் உறவு எல்லாம் வேண்டும். விளைவு கணக்கில் தெரிந்தது. 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீசுக்கு நடந்த போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர்கள். இதை 1913இல் அரசுப் பணி ஆணையத்தின் முன் ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் கார்டியு சாட்சியமாகவே சொன்னார். 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தபோது இத்தகைய கணக்குகளே அதன் பலம். நீதிக்கட்சி அரசியலைப் பல்கலைக்கழக வரலாற்றிலிருந்து பிரித்து எழுதவே முடியாது. கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை.

பெண்களைப் பற்றிக் கட்டுரை சொன்னது பெரும்பாலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கலாம். 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கலைக்கல்லூரிப் படிப்புக்கென்று அரசு மகளிர் கல்லூரி, இன்றைய ராணி மேரி கல்லூரி, 1914இல்தான் வந்தது. மருத்துவம் முந்தியதற்குக் காரணம், ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளாத பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற தேவை அரசுக்கும் மிஷன்களுக்கும் தெரிந்திருந்தது.

தமிழின் நிலை பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எஃப்.ஏ., பி.ஏ. இரண்டிலும் தமிழ் 'இரண்டாம் மொழி'. கணிதம், வரலாறு, அறிவியல் எல்லாம் ஆங்கிலத்தில். கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் 'பண்டிட்'. அவர் சம்பளமும் மதிப்பும் மற்ற ஆசிரியரைவிடக் கீழே. 1896இல் கல்விப் பணியையே இரண்டாகப் பிரித்தார்கள்: இங்கிலாந்தில் ஆளெடுத்த இந்தியக் கல்விப் பணி மேலே, இங்கே ஆளெடுத்த மாகாணக் கல்விப் பணி கீழே. பண்டிதர்கள் நின்றது இந்த இரண்டுக்கும் கீழே. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக வந்தவர் உ.வே. சாமிநாதையர். அந்த வேலையில் இருந்துகொண்டே 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று பதிப்பித்தார். அந்த மாகாணத்தின் மிகப் பெரிய ஆராய்ச்சிப் பணி அது. அதற்காகப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையோ உதவியாளரோ அவருக்குக் கிடையாது. கையெழுத்துப் பிரதி தேடியது விடுமுறையில், அச்சுச் செலவு நன்கொடையில். தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்ததும் இப்படியே, வேலைக்கு வெளியேதான். 1902இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் யோசனை வந்தபோது, சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழாசிரியர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்துப் போராடினார்கள். அடுத்த ஆண்டே சாஸ்திரி இறந்தார், வயது முப்பத்து மூன்று.

தமிழில் உயர்கல்வி சாத்தியமா என்று அந்நாளில் கேட்டவர்களுக்கு அருகிலேயே விடை இருந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1860களில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழ்வழி படித்தவர்கள். பிறகு 1918இல் ஹைதராபாத் நிஜாம் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவில் பட்டப்படிப்பு நடத்தியது. முதலில் மொழிபெயர்ப்புத் துறை, அதன் பிறகு வகுப்பு என்ற வரிசையில் வேலை நடந்தது. பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்கு உட்படாத இடத்தில்தான் அது முடிந்தது. சென்னையில் அந்த வரிசையை யாரும் முயன்று பார்க்கவில்லை. ராஜாஜியும் நண்பர்களும் 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொல் சங்கம் வைத்ததும் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான்.

மாற்றம் 1904இல் தொடங்குகிறது. வைஸ்ராய் கர்சன் பிரபு அமைத்த 1902 பல்கலைக்கழக ஆணையத்தில் அதன் உறுப்பினர் குருதாஸ் பானர்ஜி தனியே மறுப்புரை எழுதினார். கட்டணத்தை உயர்த்துவதும் சிறு கல்லூரிகளை ஒழிப்பதும் ஏழை மாணவரைத் துரத்தும் என்பது அவர் கவலை. அதன் பிறகு வந்த 1904 பல்கலைக்கழகச் சட்டத்தைக் கோகலே சட்டசபையில் எதிர்த்தார். எதிர்ப்பு நியாயமானது: பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றமான செனட் உறுப்பினர்களில் பெரும்பாலோர் நியமனம், விதிகளில் கைவைக்கும் உரிமை அரசுக்கு. ஆனால் அதே சட்டம்தான் பல்கலைக்கழகம் பேராசிரியர்களை நியமித்து ஆராய்ச்சி நடத்தலாம் என்ற வழியையும் திறந்தது. இணைவு பெறும் கல்லூரிக்கு நூலகம், ஆய்வகம், விடுதி, ஆசிரியர் தகுதி எல்லாம் பார்த்து ஆய்வு செய்ய வேண்டும் என்றதும் அதுவே. லண்டன் பல்கலைக்கழகமே 1898 சட்டத்தால் கற்பிக்கும் அமைப்பாக மாறிய பிறகுதான் இங்கே அந்த எண்ணம் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

பலன் விரைவில் தெரிந்தது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறைக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு பொருளியலுக்கு கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஸ்லேட்டர் தம் மாணவர்களை விடுமுறையில் சொந்தக் கிராமத்துக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, வீடு, உணவு எல்லாவற்றையும் கேட்டெழுதச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, வடாற்காட்டுத் தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம் ஆகிய ஊர்களின் கணக்கு 1918இல் அச்சானது. 1930களிலும் விடுதலைக்குப் பிறகும் அதே ஊர்களை மறுபடி ஆய்ந்தார்கள். நம் கிராமங்களைப் பற்றி நூறாண்டுத் தொடர்ச்சியான தகவல் இருப்பதற்கு அந்த மாணவர்களின் விடுமுறைதான் காரணம். தேர்வு மட்டும் நடத்திய அறுபது ஆண்டுகளில் இப்படி ஒன்று நடக்கவில்லை. தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதிப் பணியும் 1913இல் தொடங்கி, 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பில், 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள்.

1923 சட்டம் சென்னையைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் என்று அறிவித்தது, பாடத்திட்டத்தை முடிவுசெய்ய ஆசிரியர்கள் நிறைந்த கல்விக் குழுவையும் அமைத்தது. 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் பிரிந்தது. 1929இல் சிதம்பரத்தில், அண்ணாமலைச் செட்டியார் தம் மீனாட்சி கல்லூரியையும் 20 லட்சம் ரூபாயையும் தந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. இணைப்புக் கல்லூரி எதுவும் இல்லாமல் பாடம் சொல்பவரே தேர்வு வைக்கும் அமைப்பு அது. 'நன்கொடையில் எழுந்த இன்னொரு பல்கலைக்கழகம்' என்று கட்டுரை அதைக் கடந்துபோனது வருத்தம் தந்தது. 1857 மாதிரியிலிருந்து தமிழ்நாட்டில் நடந்த முதல் முழு விலகல் அது.

கடைசியாக, கட்டுரையின் முடிவில் பழைய சான்றிதழ்களை வாசகர்கள் அனுப்பலாம் என்று அழைத்திருக்கிறீர்கள். நல்ல முயற்சி. அவற்றைச் சரியாகப் படிக்கச் சில குறிப்புகள். 1911ஐ ஒட்டி மெட்ரிகுலேஷன் இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, எஃப்.ஏ. 'இன்டர்மீடியட்' ஆனது. எனவே 1920இல் எஃப்.ஏ. தேறினார் என்று குடும்பத்தார் சொன்னால் ஆண்டிலோ படிப்பிலோ பிழை இருக்கிறது. எல்.டி. என்பது ஆசிரியப் பயிற்சி, பி.எல். சட்டம், எல்.எம்.எஸ். மருத்துவம். டிசம்பரில் எழுதிய தேர்வின் முடிவு அடுத்த ஆண்டில் வரும், பட்டமளிப்பு அதற்கும் பின்னால். ஒரே பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுவது பெரும்பாலும் இதனால்தான். 'மெட்ராஸ் பி.ஏ.' என்றால் சென்னையில் படித்தவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகமும் வரும்வரை அந்தப் பகுதிக் கல்லூரிகளும் சென்னையோடு இணைந்தவையே. விசுவேசுவரய்யா பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்து வாங்கியதும் சென்னைப் பட்டம்தான். பட்டம் பெற்றதைச் சரிபார்க்க, பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அச்சிட்ட 'காலண்டர்' புத்தகங்களைப் பார்க்க வேண்டும். பட்டதாரி பெயர்ப் பட்டியல், விதிகள், குறித்த பாடநூல்கள், வினாத்தாள்கள் எல்லாம் அவற்றில் உண்டு. பெயரைத் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. ஒரே 'சாமி' நான்கு விதமாக அச்சாகியிருக்கும், ஊரும் தந்தை பெயரும் முன்னெழுத்தில் ஒளிந்திருக்கும். முதலில் கல்லூரியையும் ஆண்டையும் உறுதிசெய்து, அதற்கு முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். காலண்டரில் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசிதழின் தேர்வு முடிவுகளைத் தேடலாம். அங்கே தேர்வு நடந்த மாதத்துக்குப் பிந்தைய நான்கு மாத இதழ்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆர்வலர்கள் சிலர்,
கும்பகோணம்.